அக்கா ஒவ்வொண்டுக்கும் தம்பியக் கேக்கிறா எண்டா அது வருத்தமா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்லாறுப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கார். அக்காக்கு 31 வயசு, ரெண்டு பிள்ளை, மச்சான் கட்டார்ல, அம்மா போன வருசம் மோசம் போயிட்டா. அதுக்குப் பிறகு அக்கா எதுக்கெடுத்தாலும் இவருக்குத்தான் கோல் எடுக்கிறா, பிள்ளைக்குக் காய்ச்சல், பனடோல் குடுக்கவா, ஸ்கூல் மீட்டிங்குக்கு எந்தச் சாறி கட்ட, கரண்ட் பில்ல இண்டைக்குக் கட்டவா நாளைக்குக் கட்டவா. ராவையில தனியப் படுக்கமாட்டா. பக்கத்து ஆக்கள் கேட்டாங்க எண்டு குழுக்கடனுக்கு ரெண்டு தரம் கையெழுத்தும் வெச்சிட்டா, இப்ப அந்தக் கட்டுக்காசும் இவட தலையில. நெட்ல தேடினதுல டிபென்டன்ட் பெர்சனாலிட்டி டிஸ்ஓடர், அதாவது எல்லாத்துக்கும் மத்தவங்களில சாஞ்சே இருக்கிற ஆளுமைக் கோளாறு எண்டு வந்திச்சாம், இது அதுதானா, குளிசை இருக்கா, நாங்களே முடிவெடுத்துக் குடுத்தா அவக்கு நல்லமா, இதுதான் கேள்வி.

தம்பி, நான் டொக்டர் இல்ல, மட்டக்களப்பு அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் கனகாலமா கவுன்சிலிங் வேலை செய்யிற ஆள். நீங்க எழுதினத மட்டும் வெச்சு அக்காக்கு இந்த வருத்தம்தான் எண்டு நானும் சொல்ல ஏலாது, வேற யாரும் சொல்லவும் கூடாது. ஆனா மத்த ரெண்டு கேள்விக்கும் நேரா பதில் இருக்கு. இதுக்கெண்டு தனியா ஒரு குளிசை இல்ல. நீங்க முடிவெடுத்துக் குடுத்துக்கொண்டே இருந்தா அவக்கு இது கூடும், அதுக்காக நாளையில இருந்து போனே எடுக்காம விட்டீங்க எண்டா அது அதவிட மோசமாப் போகும். ஏன் எண்டு வடிவாச் சொல்றன், கொஞ்சம் நீளும்.

முதல்ல நம்மட பக்கத்து வாழ்க்கைய வெச்சுத்தான் இத யோசிக்கணும். நெட்ல வாற கட்டுரையில கனக்க, பதினெட்டு வயசுல வீட்ட விட்டுப் போய்த் தனிய இருக்கிற சனத்த மனசுல வெச்சு எழுதினது. நம்மட ஊர்கள்ல தாய்வழியாக் குடி, அதாவது வம்சம் பாக்கிற வழக்கம், பொம்புளப் பிள்ளைக்குத்தான் வீடு வளவு, மாப்பிள்ள அங்க வந்து இருப்பார், அடுத்த மகள் கட்டினா தாய் தகப்பன் அதே வளவுக்குள்ள இன்னொரு சின்ன வீட்டப் போட்டுக்கொண்டு ஒதுங்குவாங்க, அக்கா தங்கச்சி வீடெல்லாம் ஒரு வேலிக்குள்ள. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் ஆக்கள்ட்டயும் இதே மாதிரித்தான். இப்பிடி வளர்ந்த பிள்ளை அம்மாட்ட ஒரு சொல்லுக் கேக்காம பெரிசா எதுவும் செய்யாது, அதுல ஒரு பிழையும் இல்ல. உங்கட அக்கா முப்பது வருசம் அப்பிடி இருந்துட்டு திடீரெண்டு அம்மா இல்ல, மனுசனும் கிட்ட இல்ல எண்டா உங்களத்தான் தேடுவா. டொக்டர்மார் பாக்கிற கைநூல்லயே இது இருக்கு, அந்த ஆள்ட வயசுக்கும் சமூக வழக்கத்துக்கும் மிஞ்சின அளவுல இருந்தாத்தான் வருத்தம் எண்டு எடுக்கலாமாம். அப்ப எத வெச்சு அளக்கிறது? நான் பாக்கிறது பயத்த. எத்தன தரம் கேக்கிறா எண்டது எனக்குப் பெரிசில்ல. கேக்காம தானே செஞ்சா என்ன ஆகும் எண்டு நினைக்கிறா, மாட்டன் எண்டு சொன்னா அந்த ஆள் தன்ன விட்டுட்டுப் போயிரும் எண்டு பயப்புடுறாவா, அதத்தான் தோண்டிக் கேப்பன்.

அந்தக் கைநூல டிஎஸ்எம் எண்டு சொல்லுவாங்க, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போடுறது. 1952ல வந்த முதல் பதிப்புல இது வேறொரு பிரிவுக்குள்ள ஒரு துண்டா மட்டும் இருந்திச்சு, 1980ல வந்த மூண்டாவது பதிப்புலதான் தனி வருத்தமா வந்திச்சு. 2013ல வந்த அஞ்சாவது பதிப்புல எட்டு அடையாளம், அதுல குறைஞ்சது அஞ்சு இருக்கணும், அதுவும் இளவயசுல தொடங்கி, ஒராளோட மட்டும் இல்லாம பல இடத்திலயும் தெரியணும். எட்டையும் வரிசையாச் சொல்லி உங்கள வீட்டுல இருந்து மார்க் போட வைக்க எனக்கு விருப்பமில்ல, ஆனா சாரம் இதுதான்: சின்ன முடிவுக்கும் அளவு மீறி மத்தவங்கட ஆறுதல் தேவைப்படும், வாழ்க்கையின்ட பெரிய பொறுப்பெல்லாம் வேற ஒராள்ட கையில இருக்கணும், எதிர்த்துச் சொல்லப் பயம், தன்னால ஏலாது எண்ட நினைப்புல ஒண்டத் தொடங்கவே மாட்டாங்க, ஆதரவு கிடைக்கும் எண்டா பிடிக்காத வேலையையும் தலையில போட்டுக்குவாங்க, தனிய இருந்தா உதறும், ஒரு உறவு முறிஞ்சா அடுத்த ஆள அவசரமாத் தேடுவாங்க, தனிச்சுப் போயிருவமோ எண்ட நினைப்பே நாள் முழுக்க ஓடும். இதுல சோம்பேறித்தனம் இல்ல எண்டத விளங்கிக்கணும், செய்ய மனசு இருக்கும், செய்வன் எண்ட நம்பிக்கைதான் இருக்காது. அமெரிக்காவில செஞ்ச பெரிய கணக்கெடுப்புல நூறு பேர்ல ஒராள் கூட வரல்ல, அரை வீதமளவுலதான் வந்திச்சு, அதால கேள்வி கேக்கிற எல்லாருக்கும் இந்தப் பேர ஒட்டக்கூடாது. உலக சுகாதார அமைப்பு 2022ல நடைமுறைக்குக் கொண்டு வந்த ஐசிடி 11 எண்ட நோய்ப் பட்டியல்ல தனித்தனி வகைப் பேர் அநேகம் எடுபட்டுப் போச்சு, ஆளுமைக் கோளாறு எவ்வளவு கடுமை, எந்தக் குணம் தூக்கலா இருக்கு எண்டுதான் எழுதுவாங்க, டொக்டர் கொப்பியில வேற மாதிரி எழுதியிருந்தா குழம்ப வேணாம்.

கிட்ட இருந்து பாத்தா இது எப்பிடி இருக்கும் எண்டு சொல்றன், அடையாளம் தெரியாம மாத்தித்தான் சொல்றன். படிச்ச பிள்ளை, அரசாங்க உத்தியோகம், ஒபீஸ்ல பைல் வேலையெல்லாம் சுத்தமாச் செய்வா. சந்தையில மீன்காரருக்கு முன்னால நிண்டுகொண்டு பாரைய ஒரு போட்டோ, சூரைய ஒரு போட்டோ எடுத்து வட்ஸ்அப்ல பெரியக்காக்கு அனுப்புவா, புளூ டிக் விழுமட்டும் அப்பிடியே நிப்பா, பின்னால நிக்கிற ஆக்கள் வாங்கிக்கொண்டு போயிருவாங்க, பாரை முடிஞ்சிரும், மறுகா சூரைய வாங்கிக்கொண்டு வந்து, அக்கா பாரையத்தான் சொல்லியிருப்பா எண்டு பின்னேரம் முழுக்க வயித்தக் கலக்கிக்கொண்டு இருப்பா. நான் அவட்ட கேட்டன், பிழையான மீன வாங்கினா என்ன புள்ள நடக்கும் எண்டு. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல. பிறகு சொன்னா, 'அக்கா ஏசமாட்டா. ஆனா இவளுக்கு இது கூடத் தெரியாது எண்டு மனசுக்குள்ள நினைப்பா, அப்பிடி நினைச்சு நினைச்சு ஒரு நாளைக்கு என்னக் கைவிட்டிருவா.' ஒரு கிலோ மீனுக்கும் கைவிடப்படுறதுக்கும் நடுவுல அவட மனசுல அவ்வளவு கிட்டத்துப் பாதை. வருத்தம் இருந்தது அந்த இடத்துலதான், மீன் கேட்டதுல இல்ல.

உங்கட அக்கா குழுக்கடனுக்குக் கையெழுத்து வெச்சதையும் இந்தக் கண்ணோடதான் பாக்கணும். குழுவுல ஒராள் கட்டாட்டி மத்தவங்கதான் கட்டணும் எண்டு அவக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் வெச்சிருக்கா, ஏனெண்டா அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆள்ட முகம் கறுக்கிறது கடனவிடப் பெரிய ஆபத்தாத் தெரிஞ்சிருக்கும். நம்மட சனம் இப்பிடி ஆள 'நல்ல பிள்ள, ஒரு சொல்லுக்கு மறு சொல்லுச் சொல்லாது' எண்டு புகழும். அந்தப் புகழ்தான் கனபேர்ட வருத்தத்த இருபது வருசம் மறைச்சு வெச்சிருக்கு. ஆம்பிளயள்ட்ட இன்னும் மறைவு. சாப்பாடு போட, உடுப்பு எடுத்து வைக்க, கடனுக்குப் பதில் சொல்ல, பிள்ளைட ஸ்கூல்ல கதைக்க எல்லாத்துக்கும் மனுசிதான், அத யாரும் வருத்தம் எண்டு சொல்லமாட்டாங்க, மனுசி குவைத்துக்குப் போன மூணாம் மாசம் அந்த மனிசன் குடியில விழுந்து கிடக்கிறதப் பாத்தாத்தான் எவ்வளவு சாஞ்சிருந்தார் எண்டு விளங்கும். கிளினிக்குக்குப் பொம்புளயள்தான் கூட வாறாங்க, அதுக்காக இது பொம்புளயள்ட வருத்தம் எண்டு நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

இனி, இதப் போலவே தெரியிற வேற விசயங்கள். தாய் செத்து ஒரு வருசம்தான் ஆகுது, துக்கம் ஒரு ஆள நல்லாவே சாச்சிரும். டிப்ரெஷன் வந்தாலும் ஒரு முடிவும் எடுக்க ஏலாது, தைரொயிட் குறைஞ்சாக் கூட அந்த மந்தம் வரும், ஒரு ரத்த டெஸ்ட்டுல தெரியிற விசயம். அதால டொக்டர் கேக்கப்போற முக்கியமான கேள்வி, அம்மா இருக்கக்குள்ள இவ எப்பிடி இருந்தா, ஓ.எல் எடுத்த காலத்துல எப்பிடி, கலியாணம் கட்டின புதுசுல எப்பிடி எண்டதுதான். அம்மா இருந்த காலத்திலயும் இதே மாதிரித்தான் எண்டா அது ஒரு கதை, அப்ப நல்லாத்தான் இருந்தா, போன வருசத்துக்குப் பிறகுதான் எண்டா அது வேற கதை, அதுக்கு வழியும் வேற. ஒரே ஒரு தரம் பாத்துட்டு ஆளுமைக் கோளாறு எண்டு யாராச்சும் சொன்னா அவசரப்பட்டு நம்பிராதீங்க.

இன்னொண்ட அழுத்திச் சொல்லணும். அடிக்கு, மிரட்டலுக்குப் பயந்து வாய் திறக்காம இருக்கிற பொம்புளய இந்த வருத்தம் எண்டு சொல்லவே கூடாது. எதிர்த்துச் சொன்னா உண்மையிலயே அடி விழும் எண்ட பயம் இந்த அடையாளத்துக்குள்ள வராது எண்டு அந்தக் கைநூல்லயே போட்டிருக்கு. புருசன் வெளிநாட்டுல இருந்துகொண்டே வீடியோ கோல்ல நிண்டு நிமிசத்துக்கு நிமிசம் கணக்குக் கேக்கிற, காசு அனுப்பமாட்டன் எண்டு வெருட்டுற வீடுகள் எனக்குத் தெரியும். அப்பிடி ஏதும் இருந்தா முதல்ல அவட பாதுகாப்பு, அதுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, பொம்புளயளுக்கான உதவி லைன் 1938க்கு எடுத்துக் கதைக்கலாம். இத அக்காட்டத் தனிய வெச்சுக் கேளுங்க, அதவிட ஒரு பொம்புள கேட்டா நல்லம்.

ஏன் வருது எண்டா ஒரே காரணம் எண்டு ஒண்டில்ல. பிறவியிலயே பதட்டம் கூடின பிள்ளைகள் இருக்கு. சின்னனில நீண்டநாள் வருத்தம், தாயப் பிரிய ஏலாத கடும் பயம் இருந்த பிள்ளைகளுக்கு வாற வாய்ப்புக் கூட எண்டு சொல்லுவாங்க. தொய்வு எண்டு ஸ்கூலுக்கு அரைவாசி நாள் விடாம, விளையாட விடாம, வாய்க்கு ஊட்டி வளத்த பிள்ளை தன்ர உடம்பத் தானே நம்பாது. நம்மட மண்ணுல இதுக்கு மேல சில விசயம் இருக்கு. சண்டைக் காலத்துல வெளிய போன பிள்ளை திரும்பி வருமா எண்டு தெரியாத தாய், பிள்ளையக் கண்ணுக்குள்ள வெச்சிருந்ததக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அண்டைக்கு அதுதான் புத்தி. 2004 டிசம்பர் 26ல அம்பாறை மாவட்டத்துல மட்டும் பத்தாயிரத்துக்கு மேல சனம் போச்சு, உங்கட கல்லாறும் தப்பல்ல, அக்காக்கு அப்ப பத்து வயசு இருக்கும். தாய் சவூதிக்குப் போய் அம்மம்மாட்ட வளந்த பிள்ளைகள் வேற. இதெல்லாம் பட்ட கனபேர் நல்லாத்தான் இருக்காங்க, ஆனா ஏற்கனவே பயந்த பிள்ளைக்கு 'கையப் பிடிச்ச ஆள் எந்த நேரமும் போயிரும்' எண்டது வெறும் கற்பனை இல்ல, கண்ணால கண்டது. ஆறுதல் சொல்லக்குள்ள அத மறக்காதீங்க.

இப்ப நீங்க முடிவெடுத்துக் குடுக்கிற விசயத்துக்கு வாறன். அக்காக்குப் பதட்டம் வருது, உங்களுக்குக் கோல் எடுக்கிறா, நீங்க 'குடு அக்கா, அரைக் குளிசை குடு' எண்டு சொல்றீங்க, உடனே அவக்கு நெஞ்சு இறங்குது. அந்த இறக்கம் இருக்கே, அதுதான் அடுத்த கோலுக்கு அத்திவாரம். தம்பி சொன்னதாலதான் பிள்ளைக்குச் சுகம் வந்திச்சு எண்டு மூளை எழுதி வெச்சிரும், தனக்கு ஏற்கனவே தெரிஞ்ச விசயம்தான் அது எண்டது அவக்குப் படவே படாது. நாளைக்கு அதே காய்ச்சலுக்கு இன்னும் வெள்ளனக் கோல் வரும். உங்கட அன்பப் பிழை எண்டு நான் சொல்லல்ல, ஆனா ஒவ்வொரு பதிலும் அவட கையில இருந்து ஒரு துண்டு நம்பிக்கைய உங்கட கைக்கு மாத்துது.

வைத்தியம் எண்டா முக்கியமாக் கதைச்சுச் செய்யிற சிகிச்சைதான், சைக்கோதெரபி. சிபிடி எண்டு சொல்லுற சிந்தனை நடத்தைச் சிகிச்சையில, 'என்னால ஏலாது, தனிய விட்டா நான் முடிஞ்சன்' எண்ட நினைப்ப எடுத்து நடந்த விசயங்களோட வெச்சுப் பாக்கிறது, சின்னச் சின்ன முடிவாத் தானே எடுத்துப் பழகிறது, மாட்டன் எண்டு சொல்லிப் பழகிறது. சிறுவயசு உறவுகளத் தோண்டிப் பாக்கிற முறையும் இருக்கு, சிலருக்கு அது நல்லா ஒத்து வரும். குழுவா இருந்து செய்யிறதும் சிலருக்கு நல்லம், சாய ஒராள் மட்டும் இருக்கமாட்டார் எண்டதால. அந்த மீன் வாங்கின பிள்ளைக்கு ஒரு கொப்பி குடுத்தம், என்ன முடிவு எடுத்தன், என்ன நடக்கும் எண்டு பயந்தன், உண்மையில என்ன நடந்திச்சு, மூண்டு பகுதி. முதல்ல மீன், மறுகா பிள்ளைட டியூசன், மறுகா பாங்க்ல தன்ட பேர்ல ஒரு சேமிப்பு. மாசக் கணக்குல எழுதினதுக்குப் பிறகு மூண்டாவது பகுதியத் தானே வாசிச்சுப் பாத்தா, ரெண்டாவது பகுதியில எழுதினதுல அநேகம் நடக்கவே இல்ல. நாங்க ஆயிரம் தரம் சொல்லி ஏறாதது அவட கையெழுத்துல இருந்தப்ப ஏறிச்சு.

இந்தச் சிகிச்சையில ஒரு பொறி இருக்கு. இப்பிடி ஆக்கள் கிளினிக்குக்கு நேரத்துக்கு வருவாங்க, சொன்னதெல்லாம் செய்வாங்க, எல்லாத்துக்கும் 'ஓம் மிஸ், ஓம் சேர்' எண்டுவாங்க, நல்ல நோயாளி எண்டு நாங்களும் சந்தோசப்படுவம், கடைசியில பாத்தா அந்தப் பெரியக்கா மாதிரி, சாயிற ஆள்ட இடத்துல நாங்க வந்து குந்தியிருப்பம். சிகிச்சை குடுக்கிற ஆள் நல்ல ஆள் எண்டா புத்தி சொல்றதக் குறைச்சு, கேள்வியத் திருப்பிக் குடுப்பார், சிகிச்சை ஒரு நாள் முடியும் எண்டதத் தொடக்கத்திலயே சொல்லி, கடைசிப் பக்கம் கிழமைக்கு ஒண்டு எண்டத ரெண்டு கிழமைக்கு ஒண்டு, மாசத்துக்கு ஒண்டு எண்டு தள்ளித் தள்ளிக் கொண்டு போவார். என்னக் கேட்டா முன்னேற்றம் தொடங்குற நாள், 'மிஸ், நீங்க சொல்றது எனக்குச் சரி வராது போல' எண்டு அவ முதல் தரம் சொல்ற நாள்தான். அண்டைக்கு நாங்க சிரிச்சுக்கொண்டு 'அப்ப என்ன செய்வம்?' எண்டு கேக்கணும், கோவிச்சம் எண்டா எல்லாம் போச்சு.

குளிசை எண்டா, கூடவே டிப்ரெஷன், கடும் பதட்டம் இருந்தா அதுக்கு டொக்டர் புளுஒக்செட்டின், செர்ட்ரலின் மாதிரி ஒண்டு எழுதலாம், அது வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், இடையில நீங்களா நிப்பாட்டக் கூடாது. நித்திரைக்கு எண்டு டயசிபாம், அல்பிரசோலம் மாதிரிக் குளிசைய ஆர்ட்டயாச்சும் வாங்கிக் குடுத்துராதீங்க, ஏற்கனவே சாய ஒண்டத் தேடுற ஆளுக்கு அதுவும் சாயிற ஒண்டாப் போயிரும், விடுறது பெரும் பாடு.

நீங்க வீட்டுல செய்யக்கூடியது. முதல்ல அக்காட்ட வெளிப்படையாக் கதைங்க, 'நான் உன்ன விட்டுட்டுப் போகல்ல, ஒவ்வொரு நாளும் ராவைக்கு எட்டு மணிக்கு நானே கோல் எடுப்பன், பிரச்சினை இருந்தாலும் எடுப்பன், இல்லாட்டியும் எடுப்பன்' எண்டு. அத ஒரு நாளும் தவற விடாதீங்க, பிரச்சினை வந்தாத்தான் தம்பி வருவான் எண்ட கணக்கு அதாலதான் உடையும். இடையில வாற கோலுக்கு ஏசாம, 'நீ என்ன நினைச்சாய் அக்கா?' எண்டு கேட்டு, அவ சொன்னதக் கேட்டு, 'சரி, அப்பிடியே செஞ்சு பாரு, ராவைக்குச் சொல்லு' எண்டு விடுங்க. முதல் நாள்கள்ல அழுவா, தம்பி மாறிட்டான் எண்டு சின்னம்மாட்டச் சொல்லுவா, சின்னம்மா உங்களுக்கு எடுத்து ஏசுவா, அதுக்குத் தயாராகி சின்னம்மாக்கும் முதல்லயே விளங்கப்படுத்தி வைங்க, இல்லாட்டி நீங்க ஒதுங்கின இடத்துல சின்னம்மா வந்து நிப்பா, கதை அப்பிடியேதான் இருக்கும். பிழையா முடிவெடுத்தா எடுக்கட்டும், உயிருக்கும் பிள்ளையளுக்கும் ஆபத்தில்லாத பிழை எண்டா விட்டுருங்க. கடன் விசயத்துல மட்டும் நீங்களும் கூட இருங்க, கொம்பனிக்காரர் வந்தா அக்கா கதைக்கட்டும், நீங்க பக்கத்துல இருங்க, புதுசா யாராச்சும் கையெழுத்துக் கேட்டா உடனே பதில் சொல்லாம 'நாளைக்குச் சொல்றன்' எண்ட ஒரு வசனத்த அவவோட இருந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்க, மாட்டன் எண்டு சொல்ல ஏலாத ஆளுக்கு நாளைக்குச் சொல்றன் எண்டு சொல்ல ஏலும். மச்சானோடயும் கதைங்க, அவர் அங்க இருந்துகொண்டு 'நீ ஒண்டுக்கும் லாயக்கில்ல, தம்பியக் கேட்டுச் செய்' எண்டு சொல்லிக்கொண்டிருந்தா இங்க நாங்க செய்யிறதெல்லாம் வீண்.

கல்லாறுல இருந்து கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை கிட்ட, அங்க மனநலப் பிரிவு இருக்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலயும் இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி எண்டதால காசில்ல. ஆஸ்பத்திரிக்கு முதல் போன்ல கதைக்க விருப்பம் எண்டா 1926, அது தேசிய மனநல நிறுவகத்தின்ட லைன். எங்க போறது எண்டத மட்டும் நீங்க முடிவெடுத்துக் கூட்டிக்கொண்டு போகாதீங்க. ரெண்டு இடத்தையும் பஸ் நேரத்தோட சொல்லி, எது எண்டு அக்காவக் கேளுங்க. 'நீயே சொல்லு' எண்டுதான் வரும், பரவால்ல, ராவைக்கு எட்டு மணிக் கோல்ல திரும்பக் கேளுங்க, ஒரு கிழமை போனாலும் போகட்டும். ஆனா செத்துப் போனா நல்லம் எண்ட மாதிரி ஒரு சொல்லு அவட வாயில வந்தா, மச்சானோட ஏதும் முறிவு வந்து அவ சாப்பிடாம, கதைக்காம இருந்தா, அப்ப ஒண்டும் கேக்கத் தேவல்ல, அண்டைக்கே கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்க.